குரலும் விரலும்

"நீ கிழக்குன்னுதான் சொன்னே. எனக்கு நல்லா—"

"மேற்குன்னு சொன்னேங்க. எத்தனை தடவை—"

"—ஞாபகம் இருக்கு. தெளிவா, கணீர்னு, கிழக்குன்னு—"

"—சொல்றது? மேற்கு. மேற்குன்னு படிச்சேன். நீங்க—"

"நான்தான் மாத்தி அமுக்கிட்டேன். அதோட விடு."

"விடறதாம்! என்னைக்கு உங்க காது என் பேச்சைக் கேட்டுச்சு, இன்னைக்கு சாட்சி சொல்ல வந்துடுச்சு?"

அவர் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அவள் செருப்பும் மாட்டி, சாவியும் கையில் எடுத்து, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றாள். அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம். நேரத்துக்குப் போயாக வேண்டும். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பந்தாட்டம் பார்க்கிறவளைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த வீட்டுல 'நான் இல்ல, நீதான்'னு அடிச்சுக்குவாங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் பழியைப் பிடுங்கிக்கச் சண்டை. ஆளுக்குப் பாதி வெச்சுக்குங்களேன்."

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்தக் காலையில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு சும்மா இருக்கேன். அம்மா, நீ அப்பாவுக்குப் பொறி வெச்சியா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அம்மாவுக்குக் காதுமடல் வரை சூடு ஏறியது.

"என்னடி பேச்சு இது? வேலை செய்யற இடத்துல யாராவது விளையாடுவாங்களா?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மகள் சிரிப்பை விழுங்கினாள். அவர் மட்டும் எதையும் கவனிக்கவில்லை, பொத்தானைக் கழற்றி மறுபடியும் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் அதைச் சரிசெய்துவிட்டாள்.

பொறி என்பது அந்த வீட்டின் பழைய விளையாட்டு. அவருக்கு மனைவி பேசினால் "ம்" என்றும் "சரி" என்றும் சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது. அதனால் அவள் பேச்சின் நடுவில் ஒரு கோணல் வார்த்தையைச் செருகி வைப்பாள். "மின்சார பில்லைக் கட்டிட்டேன், அரிசி வாங்கிட்டேன், உங்களை ஏலத்துல விட்டுட்டேன்." அவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து "சரி சரி" என்பார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளும் வாயை மூடி மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காதில் விழாவிட்டாலும் சொன்ன வேலை நடந்துவிடும். "வர்றப்ப பல்பு வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால், சொன்னதே அவருக்கு நினைவிருக்காது. பல்போடு வந்து நிற்பார். "ஏன் வாங்கினேன்னு தெரியல, வாங்கணும்னு தோணுச்சு."

வேலையிலும் அவர்கள் ஜோடிதான். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கட்டளையை வாசிக்கிறவள், அவர் பொத்தானை அமுக்குகிறவர். அறையில் இருந்தவர்கள் அவளுக்குக் குரல் என்றும் அவருக்கு விரல் என்றும் பேர் வைத்திருந்தார்கள். "குரல் சொன்னா விரல் செய்யும், நடுவுல நமக்கென்ன வேலை?" என்று தேநீர் குடிக்கப் போவார்கள்.

விதி என்னவோ கண்டிப்பானது. அவள் ஒரு வரியை வாசிக்க வேண்டும். அவர் அதே வரியை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் "ஆம்" என்ற பிறகுதான் அமுக்க வேண்டும். பயிற்சி நாட்களில் வாசிக்கிறவர் வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக வாசிப்பதும் உண்டு. திருப்பிச் சொல்கிறவர் பிடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ பேரை முழிக்க வைத்திருக்கிறாள். ஆனால் அது ஒத்திகைக்கு மட்டும். மேலே உண்மையிலேயே ஒரு பொருள் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

திருப்பிச் சொல்வதோ, வருஷங்கள் ஓட ஓட, தேய்ந்து வெறும் "சரி" ஆகிவிட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. ஒரு நாளும் தவறு வராத ஜோடியைப் பிடித்து யார் கேட்பார்கள்?

இந்தத் தடவை மேலே போனது ஒரு தகவல்தொடர்பு செயற்கைக்கோள். சின்னக் கம்பெனி ஒன்று, இருப்பதையெல்லாம் போட்டு வாங்கியது. தீவுகளுக்கும், மலை ஊர்களுக்கும், கப்பல்களுக்கும் தொலைபேசி கொடுக்கிற கம்பெனி. ராக்கெட் கிளம்பியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள், கை தட்டினார்கள், அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். அதோடு முடிந்தது என்று நினைப்பு. ராக்கெட் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிற பஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரை நடப்பது இவர்கள். கோளின் சொந்த எஞ்சினை விட்டு விட்டு எரித்து, நீள்வட்டமாய் ஓடுவதை வட்டமாக்கி, பூமி சுற்றுகிற வேகத்திலேயே அதுவும் சுற்றுகிற உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அங்கே போய்விட்டால் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். மொட்டை மாடியில் தட்டு ஆன்டெனாவை ஒரு தரம் திருப்பி வைத்தால் போதும், பிறகு தொடவே வேண்டாம்.

அதெல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே வேலை. அந்த உயரத்தில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுக்காரர்கள். இவர்களுடையது மேற்கிலிருந்து கிழக்கே மெல்ல நகர்ந்து தன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குக் கிழக்கு நோக்கித் தள்ள வேண்டும்.

கேட்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். அது போகிற பக்கமே தள்ளினால் எப்படி நிற்கும்? அவள் புதியவர்களுக்குச் சொல்வாள்: "முன்னால தள்ளினா அது மேல ஏறிக்கும். மேல ஏறினா மெதுவாயிடும், நின்னுடும். பின்னால இழுத்தா கீழ இறங்கி இன்னும் வேகமா ஓடும். எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு வெச்சுக்குங்க. போங்கன்னா உக்காந்துக்குவார்."

கோளை நிறுத்த வேண்டிய நாளன்று காலை, கட்டுப்பாட்டு அறைக்குக் கிளம்பும் முன், அவள் அவரிடம் ஒரு விஷயம் சொன்னாள். பயிற்சிப் பிரிவுக்குத் தலைமையேற்க வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட இடம். ஆனால் போனால் அந்தப் பக்கத்து நாற்காலி போய்விடும். இரண்டு நாளாக மனசுக்குள் வைத்துப் புரட்டிவிட்டு, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, பயிற்சிப் பிரிவுக்குக் கூப்பிடறாங்க. போகட்டுமா?"

"ம். போயிட்டு வா. வர்றப்ப பேட்டரி வாங்கிட்டு வந்துடு."

அப்போதே விளக்கிச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கறிகாய்க் கூடை வாங்குகிற மாதிரி அவள் வாழ்க்கையை வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டார் மனுஷன். அந்தக் கசப்பைத் தொண்டையில் வைத்துக்கொண்டே போய் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தாள்.

அவர் முன்னால் திரையில் இரண்டு வரிகள் தயாராக இருந்தன. கிழக்குத் தள்ளல், மேற்குத் தள்ளல். எது தேவைப்பட்டாலும் கைக்கெட்டும்படி இரண்டையும் வைத்திருப்பது வழக்கம். கட்டளைத் தாள் இருவர் முன்னாலும் இருந்தது. அவள் வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருந்து "சரி" வந்தது. வீட்டில் வருகிற அதே சரி. செய்தித்தாளுக்குள்ளிருந்து வருகிற சரி. கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது ஒரு பொறி வைத்தால் என்ன? அறையில் இத்தனை பேர் இருக்கிறார்கள். "மேற்கா? தாள்ல கிழக்குன்னு இருக்கே" என்று அவர் திடுக்கிட்டுக் கேட்கட்டும். கேட்காவிட்டால், அமுக்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கிறது. "கேட்டீங்களா நான் சொன்னதை?" என்று ஒரு போடு போட்டுத் திருத்திவிடலாம். எல்லார் முன்னாலும் ஒரு தடவை நாணிக் குறுகட்டும்.

"தள்ளல், மேற்கு," என்று வாசித்தாள்.

"சரி."

மூச்சு விடுகிற நேரம் அன்றைக்கு இல்லை. விரல் அமுக்கிவிட்டது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் எதையும் கேட்கிறவர் இல்லையே, பழக்கத்தில் கிழக்கைத்தான் அமுக்கியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது கத்தினால் ஏன் மேற்கு என்று படித்தாய் என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். காது கேட்காததைக் கை கேட்டுவிட்டது என்பது, கோளிலிருந்து கீழே வரும் எண்கள் மாறி, அறை முழுவதும் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் எழுந்த பிறகுதான் உறைத்தது.

நிற்க வேண்டியது ஓட்டம் பிடித்தது. தன் வாசலைத் தாண்டி, அண்டை வீட்டுக்காரனின் கோளுக்குப் பக்கத்தில் உரசுகிற மாதிரிப் போனது. அவர்களுக்குத் தொலைபேசி போட்டு மன்னிப்புக் கேட்டு, உயரத்தை மாற்றி விலக்கி, பிறகு திருப்பி இழுத்து வந்து நிறுத்துவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கோள் பிழைத்தது. இப்போது தன் இடத்தில் சமர்த்தாக நிற்கிறது. ஆனால் எரிபொருள் போனது போனதுதான். மேலே போய் ஊற்றிவிட்டு வர முடியாது. எரிபொருள் தீர்ந்தால் இடத்தில் நிற்க முடியாது, அங்கே எரிபொருள்தான் ஆயுள். ஏறக்குறைய ஒரு வருட ஆயுளை அந்த ஒற்றை வார்த்தை தின்றுவிட்டது.

அன்றிலிருந்து அவர் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல நீ ஒரு வரி தப்பாப் படிச்சதில்ல. நான்தான் கவனமில்லாம அமுக்கிட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். அதுதான் அவளைத் தின்றது. மேற்கு என்று படித்ததை அவள் ஒத்துக்கொண்டாள். ஏன் படித்தாள் என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

விசாரணை அறை சின்னது. நீள மேசை, நடுவில் ஒரு மைக், ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி. தலைமை இடத்தில் திட்டத் தலைவர். தலை முழுக்க நரைத்தவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அவர் பக்கத்தில் ஒலிப்பதிவுக்காரர். எதிரில் கோளை வாங்கிய கம்பெனியின் மேலாளர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி. அவர் வந்ததிலிருந்து ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"சார், ஒலிப்பதிவு போடறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன்," என்று விரல் எழுந்துவிட்டார். "அவங்க சரியாத்தான் படிச்சாங்க. தப்பு என் கையில."

"உக்காருங்க," என்றார் தலைவர். "கேட்டுடலாமே."

போட்டார்கள். அறையின் இரைச்சல், யாரோ இருமுவது, பிறகு அவள் குரல், கணீரென்று. "தள்ளல், மேற்கு." "சரி."

அவர் மெல்ல உட்கார்ந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"நாக்குப் புரண்டிருக்கு," என்றார் தலைவர், ஆறுதலாக. "கிழக்குன்னு நினைச்சு மேற்குன்னு வந்துடுச்சு. யாருக்கும் நடக்கறதுதான். என் கல்யாணமான புதுசுல என் பெண்டாட்டியை என் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்." ஒலிப்பதிவுக்காரர் சிரித்தார். "ஆனா திருப்பிச் சொல்ற விதி எதுக்கு இருக்கு? இப்படி நாக்குப் புரண்டா பிடிக்கத்தான். அதை நீங்க செய்யல, விரல். வெறும் சரி. வீட்டுல சொல்ற மாதிரி ஒரு சரி."

"ஆமாம் சார். அது என் தப்புதான்."

"அதனால அந்த நாற்காலியை இனிமே வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கோம். மனசு சங்கடப்படாதீங்க."

"சரிங்க சார்." இந்தச் சரியில் காது இருந்தது.

"குரலம்மா எப்படியும் பயிற்சிப் பிரிவுக்குப் போறாங்க. இதையே பாடமா வெச்சுப் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பயிற்சிப் பிரிவா? எப்போ?"

"உங்ககிட்ட சொன்னேன்," என்றாள், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"எப்போ சொன்னே?"

"அன்னைக்குக் காலையில. போயிட்டு வான்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சின்னதாகிப் போனது. நாலு பேர் முன்னால் நாணிக் குறுக வேண்டும் என்று அன்றைக்கு அவள் ஆசைப்பட்டாளே, அது இப்போது நடந்துகொண்டிருந்தது. பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

கண்ணாடிக்கார அம்மா முதல் முறையாகப் பேசினார். "அதை இன்னொரு தரம் போட முடியுமா? அந்த வார்த்தைக்கு அப்புறம் என்னவோ ஒரு சத்தம் வருது."

மறுபடியும் போட்டார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். "தள்ளல், மேற்கு." அதன் வாலில், "சரி"க்கு முன்னால், ஒரு சின்ன ஒலி. வாயை மூடிக்கொண்டு மூக்கால் விட்ட காற்று. அறையில் மூன்று பேருக்கு அது வெறும் சத்தம். அப்படி ஒரு சத்தம் தன்னிடமிருந்து வந்ததே அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. பெட்டிக்குள்ளிருந்து வந்து தன் முகத்தில் அடிப்பது போல இருந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ வருஷமாகச் சிரித்த சிரிப்பு. ஒரு நாளும் அவர் காதில் விழுந்ததில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விழுந்திருக்கிறது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார் அந்த அம்மா. "உங்க பக்கத்துலதானே இருந்தாங்க. நீங்க சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இரைச்சல்ங்க. பழைய ஹெட்போன். அப்பப்ப அப்படித்தான் வரும்."

"ஓ," என்றார் அந்த அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, மேல இருக்கறது எங்களுக்கு இது ஒண்ணுதான். ஒரு வருஷம் குறைஞ்சதுக்குக் காரணம் என்னன்னு போய்ச் சொல்லணும். நாக்குப் புரண்டுச்சுன்னா, நாக்குப் புரண்டுச்சுன்னு சொல்லிடறேன். எங்க ஆளுங்களும் மனுஷங்கதான், புரிஞ்சுக்குவாங்க."

அந்த அம்மா அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். தலைவர் பேனாவை மூடினார். ஒலிப்பதிவுக்காரர் பெட்டியின் கம்பியைச் சுருட்டக் குனிந்தார். எல்லாம் முடிந்துவிட்டது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. பயிற்சிப் பிரிவில் ஒரு அறை, கதவில் பலகை, எதிரே வரிசையாகப் புதியவர்கள். திருப்பிச் சொல்லுங்க, திருப்பிச் சொல்லுங்க என்று அவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுப்பாள். வீட்டில் நாற்காலி போன மனுஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், கேட்டதை எல்லாம் கேட்காத மாதிரி.

கணவர் எழுந்து அவளுக்காக அவள் நாற்காலியைப் பின்னால் இழுக்க வந்தார். ஒரு நாளும் செய்யாத காரியம். அவள் எழவில்லை.

மேசை நடுவில் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அதன் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் என்னம்மா என்பது போலப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, அந்தக் கண்ணாடிக்கார அம்மாவையும் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்ற கணவரைப் பார்த்தாள். கட்டளை வாசிக்கிற குரலை எடுத்தாள், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுகிற அந்தக் குரலை.

"அது இரைச்சல் இல்ல, என் சிரிப்பு, நாக்குப் புரளல, வேணும்னேதான் மேற்குன்னு படிச்சேன், திருப்பிச் சொல்லுங்க."